குதிரைக்கு மயக்க ஊசி: பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் நாலு வயது ஆண் குதிரை ஒன்று உங்களிடம் இருக்கிறது. சமீபமாக முரண்டு பிடிக்கிறது, பெட்டைக் குதிரையைக் கண்டால் கையில் நிற்பதில்லை. கால்நடை மருத்துவர், மயக்க ஊசி போட்டுக் காயடித்துவிடலாம் என்கிறார். உங்கள் மாமாவோ, தன் குதிரை மயக்க ஊசி போட்ட பத்து நாளில் செத்துப்போனது, அதனால் பழையபடி கயிறு கட்டிச் சாய்த்தே செய்வோம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் போகும்போது வேட்டுச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க அதே ஊசியில் கொஞ்சம் போட்டுக் கூட்டிப்போகலாமா, எவ்வளவு போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தால் பல கேள்வி, அடியில் இருப்பது இரண்டுதான். மயக்க மருந்து என் குதிரையைக் கொன்றுவிடுமா என்பது ஒன்று. மருந்து கொடுத்தால் மிரளும் குதிரை சாதுவாகிவிடுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில்: ஆபத்து உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு மருந்தைச் சுற்றி நாம் செய்வதிலும் செய்யாமல் விடுவதிலும்தான் இருக்கிறது. இரண்டாவதற்கு: ஆகாது, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் அரசு கால்நடை மருத்துவராக இந்த மாவட்டத்தில் மண்டபம், திருப்புல்லாணி, கீழக்கரைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆடும் மாடும்தான் அதிகம் பார்த்தேன். குதிரை எப்போதாவது வரும். குதிரை அறுவைச் சிகிச்சையைக் கற்றது சென்னை வேப்பேரி கல்லூரியில். பந்தயக் குதிரைகளோடு மட்டுமே பழகும் ஒரு மருத்துவர் சில நுணுக்கங்களில் என்னைத் திருத்தக்கூடும். உங்கள் குதிரையை நான் பார்க்கவும் இல்லை. அதன் இதயத்தில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டவர் சொல்வதும் நான் சொல்வதும் மோதினால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பயத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று பார்ப்போம். மயக்க மருந்து மற்ற வளர்ப்புப் பிராணிகளைவிடக் குதிரைக்கு அதிக ஆபத்தானது, இதில் சந்தேகமே இல்லை. பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 41,824 குதிரைகளைக் கணக்கில் எடுத்தது. முழு மயக்கம் கொடுத்த ஏழு நாளுக்குள் இறந்தவை 100க்கு 1.9. வயிற்றுச் சூலைக்காக அவசரமாக அறுத்த குதிரைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் 100க்கு 0.9. நாய்களில் இதே கணக்கு 1,000க்கு இரண்டுக்கும் குறைவு. அந்தக் குதிரைச் சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதயம் நின்றுபோனதால். சுமார் நாலில் ஒன்று, மயக்கம் தெளிந்து எழும்போது கால் எலும்பு முறிந்ததால். இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். அதே ஆய்வில், மயக்க வாயு இல்லாமல் ஊசி மருந்தை மட்டும் வைத்துச் சீக்கிரம் முடித்த சிகிச்சைகளில் சாவு இன்னும் குறைவு. உங்கள் குதிரைக்கு நடக்கப்போவது அந்த வகைதான். ஆனால் இவை வசதியான மருத்துவமனைகளின் கணக்கு. நம்மூர்த் தோப்பில், பனைமரத்தடியில் நடக்கும் சிகிச்சைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இளம் வயது, நோயில்லாத உடம்பு, அரை மணிக்குள் முடியும் வேலை: இந்த மூன்றும் உங்கள் பக்கம் இருக்கின்றன என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

குதிரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து? உடம்பின் கனம் ஒரு காரணம். படுத்த குதிரையின் வயிற்றுப் பாரம் முழுவதும் நெஞ்சுக்கூட்டை அழுத்தும். அடியில் கிடக்கும் நுரையீரலுக்கு ரத்தம் போகும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். ரத்த அழுத்தமும் இறங்கினால், கீழ்ப்பக்கம் நசுங்கும் தொடைக்கும் தோளுக்கும் ரத்தம் எட்டாமல் தசை செத்துப்போகும். அப்புறம் குணம். மிரண்டால் ஓடுவது அதன் பிறவிப் புத்தி. பாதி மயக்கத்தில் கண் விழித்தால் முதல் வேலையாக எழுந்து ஓடப் பார்க்கும். கால்கள் இன்னும் சொன்னபடி கேட்காத நேரம் அது.

இனி மருந்துகள். நம் மாவட்டத்தில் காயடிக்கும் வேலைக்கு மருத்துவர் பெரும்பாலும் இரண்டு மருந்தை வைத்துத்தான் செய்வார்: சைலசின், கெட்டமின். இரண்டையும் முதன்முதலில் தயாரித்தது 1962இல். சைலசின் ஜெர்மனியில் மனிதர்களின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க என்று செய்யப்பட்டது. தூக்கம் அதிகமாக வந்ததால் அது மனிதர்களுக்கு ஆகாமல் கால்நடைகளுக்கு வந்தது. கெட்டமின் அமெரிக்காவில் மனிதர்களுக்காகவே செய்யப்பட்டது, இன்றும் மனித மருத்துவமனைகளில் இருக்கிறது.

சைலசின்தான் முதலில் போட வேண்டியது. கழுத்துச் சிரையில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் குதிரை தலையைத் தொங்கவிடும். காது இரண்டும் பக்கவாட்டில் சரியும், கீழுதடு தளர்ந்து தொங்கும், கால்களை அகட்டி வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக அசையும். மூக்கு முட்டியளவுக்கு இறங்கிவிட்டால் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று பொருள். உள்ளே இதயத்துடிப்பு மெதுவாகும், நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகும். காதில் கேட்கும் மருத்துவருக்கு இது தெரிந்த விஷயம், ஆரோக்கியமான குதிரை தாங்கும். தலை தொங்கியே இருப்பதால் மூக்குக்குள் வீங்கிக் குறட்டைச் சத்தம் வரலாம், உடம்பு வியர்க்கலாம், குறி வெளியே தொங்கலாம், சற்று நேரம் கழித்துக் குடம் குடமாகச் சிறுநீர் போகும். பார்த்துப் பதற வேண்டாம், எல்லாம் இந்த மருந்தின் வேலை. குடல் அசைவும் குறையும். அதனால்தான் தெளிந்த உடனே கொள்ளும் புல்லும் போடக் கூடாது. விழுங்கும் உணர்வு முழுசாகத் திரும்பாமல் தின்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சைலசின் போடும் முன் குதிரை அமைதியாக இருக்க வேண்டும். விரட்டிப் பிடித்து, நாலு பேர் கத்தி, மூக்கை முறுக்கி, உடம்பெல்லாம் நுரை தள்ளிய நிலையில் போட்டால் அளவான மருந்து எடுபடாது. பயத்தில் ஏறியிருக்கும் அட்ரினலின் மருந்தை எதிர்க்கும். மேலும் மேலும் போடத் தோன்றும். பின்னால் குதிரை ஓய்ந்ததும் போட்டதெல்லாம் சேர்ந்து அமுக்கும். ஊசி போட்டபின் ஐந்து நிமிடமாவது யாரும் தொடாமல், பேசாமல், செல்போன் அடிக்காமல் விட வேண்டும். நம்மூரில் குதிரைக்கு ஊசி என்றால் தெருவே கூடிவிடும். அந்தக் கூட்டத்தை மருத்துவரால் விரட்ட முடியாது, நீங்கள்தான் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: தலை தொங்குகிற குதிரை உதைக்காது என்று நினைக்காதீர்கள். பின்னங்காலைத் தொட்டால் தூக்கத்திலேயே குறி தப்பாமல் உதைக்கும்.

தலை நன்றாகத் தொங்கிய பிறகுதான் கெட்டமின். இந்த வரிசை மாறவே கூடாது, இதில் இரண்டாவது கருத்து கிடையாது. சைலசின் இல்லாமல் கெட்டமினை மட்டும் போட்டால் குதிரை விறைத்து, உதறி, வெறிபிடித்தாற்போல் ஆகிவிடும். தசை இளகுவதற்கு டயசிபாம் அல்லது மிடசோலம் சிறிது சேர்ப்பவர்களும் உண்டு. கெட்டமின் உள்ளே போய் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் குதிரை பின்னால் சாய்ந்து உட்காருவதுபோல் மடங்கிப் படுக்கும். வேலை செய்யக் கிடைப்பது பத்து முதல் இருபது நிமிடம். பழகிய கைக்கு அது போதும். விதையிலும் அதைத் தாங்கும் தண்டிலும் லிக்னோகெயின் போட்டு அந்த இடத்தை மரக்கச் செய்தால் மயக்கம் இன்னும் நிலையாக நிற்கும். லிக்னோகெயின் போடுவாரா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

பார்க்கிறவர்கள் பயப்படும் இடம் இதுதான்: கெட்டமினில் கிடக்கும் குதிரையின் கண் மூடாது. விழித்தபடி இருக்கும், சில சமயம் விழி மெல்ல ஆடும், இமை ஓரத்தில் தொட்டால் சிமிட்டும், எச்சிலை விழுங்கும். ‘ஐயோ, உயிரோடு அறுக்கிறார்கள், அது பார்த்துக்கொண்டே இருக்கிறது’ என்று பெண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இந்த மருந்தின் மயக்கம் அப்படித்தான் இருக்கும். வலி மூளைக்கு எட்டுகிறதா என்பதைக் கண் திறந்திருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. கழுத்துத் தசை இறுகுகிறதா, கால் இழுக்கிறதா, மூச்சு திடீரென்று மாறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அந்த விழித்த கண்ணில் வெயிலும் மணலும் படாமல் ஈரத்துணி போட்டு மூடுவது உங்கள் வேலை. காதில் பஞ்சு வைத்தால் இன்னும் நல்லது.

ஊசி எங்கே போகிறது என்பதும் உயிர் போகிற விஷயம். குதிரையின் கழுத்தில் சிரையும் தலைக்குப் போகும் தமனியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. கழுத்தின் மேற்பாதியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தசை இருக்கிறது. நெஞ்சை ஒட்டிய கீழ்ப்பகுதியில் அந்தத் தடுப்பு இல்லை. தவறித் தமனியில் மருந்து ஏறினால் நேரே மூளைக்குப் போகும். ஊசியை எடுப்பதற்குள் குதிரை துள்ளி விழும், வலிப்பு வரும், சில குதிரைகள் அங்கேயே போய்விடும். அதனால்தான் தெரிந்தவர்கள் சிரிஞ்சைக் கழற்றிவிட்டு ஊசியை மட்டும் முதலில் குத்துவார்கள். கருஞ்சிவப்பாக ரத்தம் சொட்டினால் சிரை. பளீர்ச் சிவப்பில் துடித்துத் துடித்துப் பீச்சினால் தமனி, உடனே எடுத்துவிட வேண்டும். யூடியூப் பார்த்து ஊசி போடுகிறேன் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன். ஒரே சைலசின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலும் வருகிறது, 100 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலும் வருகிறது. மூடி ஒன்றுபோலத் தெரியும், உள்ளே ஐந்து மடங்கு வித்தியாசம். அதோடு, மாட்டுக்குப் போடும் அளவு குதிரைக்குப் போடுவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மாட்டுக்கணக்கில் போட்டால் குதிரைக்கு எடுபடாது, குதிரைக்கணக்கில் மாட்டுக்குப் போட்டால் மாடு எழாது. ‘எத்தனை மில்லி’ என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எடையைச் சரியாகச் சொல்வது. நம் பக்கத்துக் குதிரைகள் எடையைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடப்படுகின்றன, ஐம்பது கிலோ தப்புவது சகஜம். தையற்காரர் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை நீளம் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கிடைக்கும். சுற்றளவு 140, நீளமும் 140 என்றால் 231 கிலோ. துல்லியமான தராசு எடை இது ஆகாது. ஆனால் ‘ஒரு முந்நூறு இருக்கும் சார்’ என்பதைவிட எவ்வளவோ மேல். வாரத்துக்குள் வேறு ஏதாவது ஊசி, மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில கிருமிக்கொல்லி ஊசிகளும் இந்த மயக்க மருந்துகளும் ஒன்றாகச் சிரையில் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இனி இடம். எலும்பு முறிந்து நாலில் ஒரு சாவு என்றேனே, அதைத் தடுப்பது பெரும்பாலும் தரைதான். சிமெண்டுத் தளம் வேண்டாம். தார்ச்சாலை ஓரம் வேண்டாம். கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோகவும் வேண்டாம்: தளர்ந்த மணலில் எழும் குதிரைக்குக் குளம்பு ஊன்றாது, காற்றில் மணல் புண்ணிலும் கண்ணிலும் அடிக்கும். கெட்டியான செம்மணல் தரையில் புல் இருந்தால் அதுவே நம் பக்கத்துக்கு உத்தமம். முந்தின நாளே ஆள் விட்டுக் கூட்டச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத தரை கிடையாது. படுத்த குதிரையின் விலாவில் ஒரு முள் ஏறினால் பிறகு யாரும் கவனிக்காமல் சீழ் வைத்துவிடும். பனைமட்டை, கருக்கு, உடைந்த பாட்டில், சுற்றிலும் வேலிக்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. மாதத்தில் தையும் மாசியும் நல்லது. மழைச் சகதி காய்ந்திருக்கும், ஈ குறைவு. விடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். சைலசின் உடம்புச் சூட்டை ஆற்றும் சக்தியைக் குழப்பும். பத்து மணிக்கு மேல் நம்மூர் வெயிலில் கிடத்தினால் அதுவே தனி ஆபத்து.

படுத்ததும் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். இரும்பு வளையம் கன்னத்தில் அழுந்தினால் முகநரம்பு நசுங்கி உதடு கோணிப்போகும். தலைக்கு அடியில் வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று. கீழ்ப்பக்க முன்னங்காலை முன்னால் இழுத்து வைக்க வேண்டும். தோளின் அழுத்தம் அதில் குறையும். தெளியும் நேரத்தில் தட்டி எழுப்பவே கூடாது. ‘எழும்புடா’ என்று வாலைப் பிடித்துத் தூக்க ஒருவர் வருவார், தடுத்துவிடுங்கள். சும்மா விட்டால் அரை மணி, முக்கால் மணிக்குள் முதலில் நெஞ்சில் நிமிர்ந்து உட்காரும், சற்றுநேரம் யோசிப்பதுபோல் இருக்கும், பிறகு ஒரே முயற்சியில் எழுந்துவிடும். கெட்டமின் முதலில் தீர்ந்து, சைலசின் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது எழுவதுதான் நல்ல எழுச்சி. அவசரப்படுத்தினால் அந்த வரிசை கெடும்.

கயிறு கட்டிச் சாய்க்கும் மாமாவின் வழிக்கு வருவோம். அவர் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் காலத்தில் மருந்து கைக்கு எட்டவில்லை, கயிற்றை நம்பினார்கள். ஆனால் முழு உணர்வோடு ஆறு பேர் அமுக்கப் போராடும் குதிரை தன் தசை பலத்தாலேயே முதுகெலும்பையோ தொடையெலும்பையோ முறித்துக்கொள்ளும். அடிவயிற்றை முக்கி முக்கித் திமிறும்போது அறுத்த துவாரம் வழியாகக் குடல் இறங்கிவிடவும் கூடும். எல்லாம் தப்பிப் பிழைத்தாலும், அந்த வலியை அது மறக்காது. அதற்குப் பிறகு மனிதக் கையைக் கண்டாலே ஒதுங்கும் குதிரையில் பிள்ளைகளை எப்படி ஏற்றுவீர்கள்? கயிறு வேண்டும், மயக்கம் வந்தபின் மேல்காலை இழுத்துக் கட்டுவதற்கு. மயக்கத்துக்குப் பதிலாகக் கயிறு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாமாவின் குதிரை எதனால் செத்தது? பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரம் ஒன்று என்னை நிறுத்தியது. பத்தாவது நாள் காது இரண்டும் விறைத்து நின்றன, வாய் திறக்கவில்லை, வால் தூக்கியபடி கட்டைபோல் நின்றது, கண்ணில் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு தோல் ஏறி வந்தது என்கிறீர்கள். சைலசினும் கெட்டமினும் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். பத்தாம் நாள் அவற்றின் கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளம் அத்தனையும் ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு உரியவை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி புண்ணில் இறங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில் காட்டும். வளர்ப்புப் பிராணிகளிலேயே குதிரைதான் இதற்கு மிக எளிதில் இரையாகும், வந்தால் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. கயிறு கட்டி அறுத்திருந்தாலும் அதே புண், அதே மண், அதே சாவுதான். காயடித்த குதிரைகள் நம் பக்கத்தில் பின்னால் செத்த கதைகளைக் கேட்டால் பாதிக்கதையில் வாய் கட்டிக்கொண்டது என்ற பேச்சு வருகிறது. பழி மட்டும் மயக்க ஊசிக்குப் போய்விடுகிறது, தடுப்பூசி போடாமல் விட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

ஆகவே தேதி குறிக்கும் முன் இதைச் செய்யுங்கள். குதிரைக்கு இதுவரை டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி போடவில்லை என்றால் இப்போதே முதல் ஊசி, நாலு வாரம் கழித்து இரண்டாவது, அதன் பிறகு இரண்டு வாரம் விட்டு அறுவை. அவசரமாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் டெட்டனஸ் நஞ்சை முறிக்கும் ஆன்டிடாக்சின் சீரம் அன்றே போட வேண்டும், அதை மருத்துவரிடம் முன்பே சொல்லி வரவழைக்க வேண்டும். இந்த ஆறு வாரப் பொறுமை, எந்த மயக்க மருந்து நல்லது என்ற விவாதத்தைவிட உங்கள் குதிரையின் உயிருக்கு அதிகம் பயன்படும் என்று நான் நம்புகிறேன்.

சரி, ஊர்வலத்துக்கு ஊசி. வேட்டு, கொட்டு, சீரியல் விளக்கு, கூட்டம், முதுகில் மாப்பிள்ளை. சைலசின் போட்ட குதிரை நடக்கும்போது முன்னங்கால் பின்னும். தார்ச்சாலையில் லாடம் வழுக்கி முட்டி போட்டு விழுந்தால் மேலே இருப்பவர் தலை தரையில். அது தூங்குவதுபோல் தெரியும், ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஒரு வேட்டு வெடித்தால் அந்தக் கணத்தில் விழித்துக்கொண்டு உதைக்கும், அதுவும் எச்சரிக்கை இல்லாமல். தெளிவாக இருக்கும் குதிரை மிரளும் முன் காதை மடக்கும், உடம்பை இறுக்கும், நமக்கு ஒதுங்க நேரம் கிடைக்கும். மருந்து போட்ட குதிரை அந்த அடையாளத்தைக் காட்டாது.

‘சைலசின் வேண்டாம், லேசாக அசிப்ரோமசின் போட்டால் நடக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அதே குடும்பத்து ட்ரைஃப்ளூப்ரோமசினும் கால்களை அவ்வளவு தள்ளாட வைக்காது என்பது உண்மை. ஆனால் அவை வலியைக் குறைப்பதில்லை, பயத்தையும் எடுப்பதில்லை. பயந்ததை வெளியே காட்டும் சக்தியைத்தான் எடுக்கின்றன. கொதிக்கும் பானையின் மூடியை அமுக்கிப் பிடிப்பதுபோலத்தான். ரத்த அழுத்தத்தை மணிக்கணக்கில் இறக்கிவைக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்து உடம்பு நீரை இழந்த குதிரை, இந்த மருந்தோடு திடீரென்று பயந்தால் நின்ற இடத்தில் சரியக்கூடும். ஆண் குதிரைக்கு இன்னொரு ஆபத்து: குறி வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிடுவது. இது அரிது. ஆனால் வந்தால் வீங்கி, புண்ணாகி, அறுத்தெடுக்கும் நிலைவரை போகும். காயடிக்கும் நாளிலும் மயக்கம் முழுசாகத் தெளிந்து இரண்டு மூன்று மணி கழித்தும் குறி தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மிரளும் குதிரைக்கு மருந்து பழக்கம்தான். காயடித்தபின் ஆண்மைச் சுரப்பு குறைந்து முரண்டு ஓரளவு தானே அடங்கும். சத்தத்துக்கு மிரள்வது அதில் தீராது. கொட்டுச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து, தீனி தின்னும் நேரத்தில் தூரத்தில் மெல்ல வைத்து, நாள்போக்கில் சத்தத்தையும் நெருக்கத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஏர்வாடியில் கொட்டுக்குக் கால் மாற்றி ஆடும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள், அவை பல மாதம் அப்படிப் பழக்கப்பட்டவை. பழகாத குதிரையை அந்த வருடம் கூட்டிப்போகாதீர்கள், முன்பணம் திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை. இந்தக் கரைக்குக் குதிரை புதிதல்ல. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அப்படி வந்த குதிரைகள் வருடம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போனதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்பதையும் 13ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இந்த மருந்துகளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. கெட்டமின் போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பது. மருத்துவர் அல்லாதவர் வைத்திருந்தால் வழக்கு வரும். விலங்குக்குத் தேவையில்லாமல் கெடுதலான மருந்து கொடுப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சைலசின் மனித உடம்பில் போனால் துடிப்பும் ரத்த அழுத்தமும் விழும், மூச்சு மங்கும். குதிரைக்கு அதை முறிக்க யோஹிம்பின், அடிபமசோல் போன்ற மருந்துகள் உண்டு. மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தவறி உங்கள் கையில் ஊசி குத்திவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது.

வாயு மயக்கம் நல்லதா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஐசோஃப்ளூரேன் நீண்ட அறுவைக்கு நல்லது, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆக்சிஜனும் கூடவே போகும். அதற்குப் பெரிய எந்திரமும் மெத்தை போட்ட அறையும் வேண்டும். உங்கள் குதிரைக்குத் தேவைப்படாது. ஒரு விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே இருந்தால் கதை வேறு, அப்போது உள்ளூரில் செய்யாமல் திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டு விதையும் பையில் இருக்கின்றனவா என்பதை மருத்துவர் தேதி குறிக்கும் முன்பே தடவிப் பார்த்துவிடட்டும்.

கடைசியாக, எப்போது சவாரிக்கு விடலாம் என்ற கேள்வி. அன்று முழுவதும் ஓய்வு, நிழல், தண்ணீர். சாணம் போட்டு, குடல் சத்தம் கேட்ட பிறகு கொஞ்சம் பசும்புல். மறுநாளிலிருந்து காலை மாலை கையில் பிடித்து நடக்க வையுங்கள். நடந்தால்தான் புண்ணில் தேங்கும் நீர் வடியும். நாலைந்து நாள் வீக்கம் கூடிப் பிறகு வற்றும். ரத்தம் எண்ண முடியாத வேகத்தில் சொட்டினாலும், புண்ணிலிருந்து குடல்போல் எதுவும் தொங்கினாலும், தீனியைத் தொடாமல் வயிற்றைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து உருண்டாலும் இரவு என்று பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் கிடைக்கவில்லை என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. மூன்று வாரம் கடற்கரைச் சவாரி வேண்டாம். பெட்டைக் குதிரையோடு ஒரு மாதத்துக்கு மேலாகவே சேர்த்துக் கட்டாதீர்கள். விதை எடுத்தபிறகும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தால் சினைப்பிடிக்க வாய்ப்பு உண்டு.